பதினாறாம் எண்ணுக்கு ஒரு ஸ்க்ரீன்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

இல்லை, அண்ணிக்கு உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. வழியனுப்ப வராததற்குக் காரணம், அன்றைக்குத் துணி வந்து இறங்கியது. லாரிக்காரர் காத்திருக்க மாட்டார், புருஷன் காத்திருப்பார். இது அண்ணியே சொன்னது.

அம்மாவுக்குக் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் நலம். மருந்து விடும்போது தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிறாள். நீ எப்படி இருக்கிறாய்? உங்கள் மலை முகாமில் குளிர் அதிகம் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். விரல்களைப் பார்த்துக்கொள். அணியின் பிசியோவுக்கு விரல் விறைத்தால் பதினொரு பேருக்கும் கால் விறைத்துவிடும்.

கால்பந்துக் கோப்பை முடியும்வரை கைபேசி கிடையாது, கடிதம் மட்டும்தான், அதையும் போகும்போதும் வரும்போதும் மேலாளர் படிப்பார் என்று நீ சொன்னபோது விளையாடுகிறாய் என்று நினைத்தேன். போன முறை அணிக்குள் பேசியதெல்லாம் மறுநாள் பத்திரிகையில் வந்ததால் இந்த ஏற்பாடு என்றாய். சரி. எப்படியும் பிரிப்பார்கள் என்பதால் உறையை ஒட்டவில்லை. மேலாளர் ஐயாவுக்கு என் வணக்கம்.

அண்ணி பள்ளிச் சீருடை வேலையை இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உனக்குத் தெரியுமா? தையல் பட்டறையில் எட்டு மெஷினிலும் இப்போது கால்பந்து ஜெர்சி. எல்லாம் ஏழாம் எண்.

"வேற எண்ணும் கொஞ்சம் போடலாமே அண்ணி?"

"வேற எண்ணை யாரு வாங்குவா? கோல்கீப்பரோட அம்மா வாங்குவாங்க. ஒண்ணே ஒண்ணு."

எனக்கு அதே வேலை. கடை கடையாகப் போய், அடுத்த மூன்று மாதம் தொழில் எப்படி இருக்கும் என்று கேட்பது. நன்றாக, அப்படியே, மோசமாக. மூன்றில் ஒன்று. அதையெல்லாம் கூட்டி எங்கள் நிறுவனம் 'நாட்டின் தொழில் நம்பிக்கை' என்று மாதாமாதம் ஓர் எண்ணை வெளியிடுகிறது. நேற்று ஒரு பூட்டுக் கடைக்காரர் கேட்டார்.

"நீங்க வரி ஆபீஸா?"

"இல்லீங்க."

"அவங்களும் முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க."

உடம்பைக் கவனித்துக்கொள். பதில் போடு.

உன் தங்கை


பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் மூலையில் மேலாளரின் பச்சை மைக் கையெழுத்தோடு வந்து சேர்ந்தது. வணக்கத்தை வாங்கிக்கொண்டார். சிரிக்கவில்லை. அவர் சிரித்து இங்கே யாரும் பார்த்ததில்லை.

நான் நலம். குளிர் பழகிவிட்டது. காலையில் எழுந்ததும் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மாவிடம் சொல், மருந்து விடும்போது மேலே பார்க்க வேண்டும், விடுகிறவளைப் பார்க்கக்கூடாது. அண்ணியின் முதுகுவலி எப்படி? குனிந்து வெட்டாதே, மேசையை உயர்த்து என்று சொன்னேன். கேட்டிருக்க மாட்டாள்.

நாடே கொண்டாடுகிற ஏழு இருக்கிறானே, என் மேசையில் குப்புறப் படுத்ததும் பாட ஆரம்பித்துவிடுகிறான். குரலா அது! தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு உருட்டினால் இதைவிட சுருதி சேரும். நேற்று பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"டேய், காலைப் பிடிக்கட்டுமா, கழுத்தைப் பிடிக்கட்டுமா?"

"பாட்டு முடியட்டும் அண்ணே. அப்புறம் எதை வேணா பிடிங்க."

அண்ணியின் ஜெர்சியைப் பற்றிச் சொன்னேன். அவன் அம்மாவுக்கு இரண்டு வேண்டுமாம். போட்டுக்கொள்ள ஒன்று, பக்கத்து வீட்டுக்குக் காட்ட ஒன்று.

மற்றபடி அணியைப் பற்றி என்னிடம் கேட்காதே. மேசையில் படுப்பவர்கள் என்னென்னவோ சொல்வார்கள். வீட்டுச் சண்டை, பயம், வலி. எல்லாம் அங்கேயே இருந்துவிட வேண்டும். இந்த வேலையில் கைக்கு அடுத்தபடி வேண்டியது வாய். மூடிய வாய்.

அண்ணிக்குத் தனித்தாள் வைத்திருக்கிறேன். நீ படிக்காதே. மேலாளர் படித்துவிட்டார், அந்த வெட்கமே போதும்.

அன்புடன் அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அம்மா மேலே பார்க்கப் பழகிவிட்டாள். அண்ணி மேசையை உயர்த்தவில்லை. நீ எழுதிய தனித்தாளைப் படித்துவிட்டு அன்று முழுவதும் கட்டிங் மாஸ்டரைக்கூடத் திட்டவில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிட்டது.

இந்த மாதம் உன் மலைக்குக் கீழே உள்ள ஊர்கள்வரை கணக்கெடுப்புக்குப் போனேன். நிமிர்ந்து பார்த்தால் உன் முகாமின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. மேலே வந்தாலும் பார்க்க விடமாட்டார்கள். கையை ஆட்டினேன். பக்கத்தில் இருந்தவர் யாருக்கு என்று பார்த்தார். இறக்கிக்கொண்டேன்.

எல்லோரும் 'நன்றாக' என்கிறார்கள். எல்லோரும் என்றால், போன வருடம் என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்தவர்களும். ஒரு டயர் கடையில் ஏன் என்று கேட்டேன்.

"ஏழு இருக்கான்ல."

"ஏழு வந்து உங்க டயரை வாங்கப்போறாரா?"

"அப்படி இல்லம்மா. நாம ஜெயிக்கிற ஜனம்னு ஒரு நெனப்பு வந்துடுச்சுன்னா, மனுஷன் பழசுக்கு ஒட்டுப் போடமாட்டான். புதுசு வாங்குவான்."

பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை. ஆனால் நம்பமுடியவில்லை. எங்கள் கேள்வித்தாளில் ஒரே கேள்வி இரண்டு இடத்தில் வரும், வேறு சட்டை போட்டுக்கொண்டு. முதலில் 'தொழில் எப்படி இருக்கும்'. கடைசியில், அவர்கள் அசந்திருக்கும்போது, 'புதிதாக ஆள் சேர்ப்பீர்களா'. முதலாவதற்கு நெஞ்சை நிமிர்த்தியவர்கள் இரண்டாவதற்குக் காலடியைப் பார்க்கிறார்கள். டயர் கடைக்காரரும் பார்த்தார்.

நம்பிக்கை எண் மேலே போயிருக்கிறது. எங்கள் தலைவருக்கு மகிழ்ச்சி. "ஊரே நம்பிக்கையா இருக்கு, நீ மட்டும் ஏம்மா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?" என்றார்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இத்தனை பேர் ஒருவனுடைய காலில் ஏறி நின்றால் அவனுக்கு வலிக்காதா? இன்னும் பாடுகிறானா?

அவன் அம்மாவுக்கு ஜெர்சி தயார். எந்த முகவரிக்கு அனுப்ப?

உன் தங்கை


ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். நான் நலம்.

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை எப்போது? அண்ணி நலமா? நீ வெயிலில் அலையாதே, குடை எடுத்துப் போ. இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. துணிகள் காயவில்லை. சாப்பாடு பரவாயில்லை. சமையல்காரர் மாறியிருக்கிறார்.

வேறு விசேஷம் இல்லை. பயிற்சி திட்டமிட்டபடி நடைபெறுகிறது. அனைவரும் முழு உடல்தகுதியுடன் உள்ளனர்.

அன்புடன் அண்ணன்


ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறது. ஒற்றைக் கண்ணால் எங்கள் எல்லோரையும் வேவு பார்த்துக்கொண்டிருக்கிறாள். கவலைப்படாதே.

உன் உறையை அண்ணி வாங்கித் தலைகீழாக உதறிப் பார்த்தார். தனித்தாள் இல்லை. "வேலையா இருந்திருப்பாரு" என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு மறுபடி ஒருமுறை உதறினார்.

நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. முகவரி. அப்புறம் பாட்டு. மறந்திருப்பாய். இன்னொன்றும் கேட்கிறேன், இது வேறு விஷயம். பள்ளிக்கூடத்தார் மறுபடி ஆள் அனுப்பியிருந்தார்கள். சீருடை தைக்க வேறு யாரும் சரியாகக் கிடைக்கவில்லையாம். அண்ணி என்ன சொல்லட்டும்?

உன் தங்கை


ஏப்ரல் 22

அன்புத் தங்கைக்கு,

நலம். அம்மாவின் கண்ணைப் பற்றி அறிந்து நிம்மதி. கட்டு பிரிக்கும்வரை தலைக்குக் குளிக்க வேண்டாம்.

அண்ணியின் பட்டறை விஷயம் அண்ணிக்கே தெரியும். என்னிடம் கேட்க வேண்டாம்.

மழை நிற்கவில்லை. எல்லோருக்கும் என் அன்பு.

அண்ணன்


மே 9

தங்கைக்கு,

என்ன செய்தீர்கள்?

நேற்று மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் உன் கடிதங்கள் எல்லாம். என் கடிதங்களின் நகல்களும். வரிக்கு வரி பென்சில் கோடு. பக்கத்தில் பத்திரிகை. அதில் நம் பட்டறை வாசல், உன் அண்ணி, கையில் பதினாறாம் எண் ஜெர்சி. மேலே கொட்டை எழுத்தில், 'ஏழுக்கு என்ன ஆயிற்று?'

"இதுல சேதி சொன்ன வரி எதுய்யா?" என்று கேட்டார்.

"எந்த வரியும் இல்லீங்க."

"வரி இல்லாம எப்படி? உன் பொண்டாட்டிக்குக் கனவுல வந்துச்சா? இங்க பாரு. 'அம்மா கண்ணில் கட்டு'. எந்தக் கண்ணு? எந்தக் கட்டு?"

"எங்க அம்மா கண்ணுங்க."

"முழங்கால் இல்ல?"

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. இனி மறைக்க ஒன்றுமில்லை, நேற்று மாலை அவர்களே அறிவித்துவிட்டார்கள். மார்ச் முதல் வாரப் பயிற்சியில் ஏழுக்கு முழங்காலில் அடி. கோப்பைக்கு அவன் இல்லை. அவன் இடத்தில் பதினாறுதான்.

என்னை மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். துண்டு மடித்துக்கொண்டிருக்கிறேன். விசாரணை முடிந்து நான்தான் சொன்னேன் என்று ஆகிவிட்டால் வேலை போகும். அது மட்டுமில்லை. உள்ளே கேட்டதை வெளியே விற்றவன் கையில் எந்த அணியும், எந்த மருத்துவமனையும் ஒரு காலைக் கொடுக்காது. ஏழு என்னைப் பார்த்ததும் வேறு வழியாகத் திரும்பிப் போனான்.

நான் ஒன்றும் எழுதவில்லை. நீ எதைப் படித்தாய்?

அம்மாவிடம் சொல்லாதே.

அண்ணன்


மே 10

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமென நம்புகிறேன்.

அணியின் மிக முக்கியமான மருத்துவத் தகவல் வெளியானது குறித்து விசாரணை நடத்தி வருகிறேன். ஏப்ரல் மாத இறுதியில், எங்கள் பிசியோவின் மனைவி ஏழாம் எண் அடிப்பதை நிறுத்தி, பதினாறாம் எண்ணை ஜெர்சியில் அச்சடிக்கப் புதிய ஸ்க்ரீன் செய்யச் சொல்லியிருக்கிறார். ஸ்க்ரீன் செய்பவர் மூலமாக இது ஜெர்சி வியாபாரிகளிடம் பரவி, அங்கிருந்து பத்திரிகைக்குச் சென்றுள்ளது. ஏழாம் எண் கோப்பையில் ஆடமாட்டார் என்பது அப்போது எங்களில் ஐந்து பேருக்கு மட்டுமே தெரியும். அவர்களில் உங்கள் சகோதரர் ஒருவர்.

அவர் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் நான் படித்தே அனுப்பினேன். ஆகவே குற்றம் அவருடையதென்றால் அது என் கண்ணெதிரே நடந்திருக்கிறது. இது எனக்குத் தனிப்பட்ட முறையிலும் முக்கியம்.

தகவல் உங்களுக்கு எவ்வாறு கிடைத்தது என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும். பதில் வராவிட்டாலும், திருப்தியாக இல்லாவிட்டாலும், உங்கள் சகோதரரே பொறுப்பாளி என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

தங்கள் உடல்நலம் சிறக்க வாழ்த்துகள்.

அணி மேலாளர்


மே 14

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கு,

நலம். தாங்கள் நலமா?

கேட்டதற்கு உண்மையை எழுதுகிறேன். என் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் தெரிந்தது.

பிப்ரவரியில் ஏழைப் பற்றி ஒரு பக்கம் எழுதினான். பாட்டு, கேலி, அவன் அம்மாவுக்கு இரண்டு ஜெர்சி. ஏப்ரலில் அந்த ஆளே இல்லை. நான் பாட்டைப் பற்றிக் கேட்டேன். பதிலாக மழை வந்தது. முகவரி கேட்டேன். சமையல்காரர் வந்தார். 'அனைவரும் முழு உடல்தகுதியுடன் உள்ளனர்' என்று எழுதியிருந்தான். அதே வாக்கியத்தை அந்த வாரம் பத்திரிகையில் நீங்கள் சொல்லியிருந்தீர்கள். என் அண்ணன் பிறந்ததிலிருந்து 'உள்ளனர்' என்று எழுதியதில்லை.

இரண்டாவது கடிதமும் தனித்தாள் இல்லாமல் வந்த அன்று அண்ணி ஓவர்லாக் மெஷினை நிறுத்தினார்.

"எனக்கு ஏன் எழுதலன்னு தெரியுமா?"

"வேலையா இருக்கும் அண்ணி."

"உங்க அண்ணனுக்கு என்கிட்ட பொய் சொல்ல வராது. கல்யாணத்துக்கு முன்னாடியே முயற்சி பண்ணிப் பார்த்துட்டாரு. சொல்ல முடியாதது ஏதோ இருக்கு. சொல்லு, ஏழுக்குக் காலா?"

"அவன் அப்படி எழுதலயே."

"நான் அவர் எழுதினதையா கேட்டேன்?"

நான் பேசாமல் நின்றேன். அதை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். இந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்காமலே எல்லாம் முடிவாகிறது.

"யோசிச்சு செய்ங்க அண்ணி. அண்ணன் வேலை."

"அவருக்கு ஒரு ஏழு. இந்த மெஷின்ல உக்காந்திருக்கிறது எட்டு பேரு. விக்காத துணியைக் குடுத்து வீட்டுக்கு அனுப்பட்டுமா? ஏழு ஆடலன்னா அந்த இடத்துல பதினாறுதான்னு ஊருக்கே தெரியும்."

ஸ்க்ரீன் செய்பவரிடம் நானும்தான் உடன் போனேன். அவர் கேட்டார், "பதினாறா?" கொஞ்ச நேரம் ஸ்க்ரீனின் மரச்சட்டத்துக்கு அளவெடுத்தார். பிறகு வேறெதையோ கேட்பதுபோல, "பிசியோ வீட்லேந்து பதினாறா?" இரண்டாவது தடவை கேட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். என் தொழிலே அதுதான்.

பதினாறு நன்றாக விற்கிறது. ஊரில் வேறு யாரிடமும் இல்லை. அதுவும் எங்களுக்கு எதிரான சாட்சிதான் என்று தெரியும். ஆனால் என் அண்ணன் உங்கள் விதியை மீறவில்லை. அதை ஒரு புள்ளிகூட விடாமல் காத்தான்.

இப்படிக்கு,
பிசியோவின் தங்கை

(இதை அவள் அனுப்பவில்லை. எழுதி முடித்ததும், கணக்கெடுப்புத் தாளைச் சரிபார்ப்பதுபோல் முதலிலிருந்து படித்துப் பார்த்தாள். ஒரு கடைக்காரர் இப்படிச் சொல்லியிருந்தால் அவளே நம்பியிருக்க மாட்டாள். அதே நாளில் வேறொன்று எழுதினாள்.)


மே 14

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம்.

தகவல் எனக்கு என் அண்ணன் மூலம் கிடைக்கவில்லை. நான் ஒரு நிறுவனத்துக்காகத் தொழில் நம்பிக்கைக் கணக்கெடுப்பு செய்கிறேன். மார்ச் மாதம் மலையடி ஊர்களுக்குச் சென்றபோது, முகாமுக்குச் சரக்கு அனுப்புவோரில் ஒருவர், தான் அனுப்பும் சரக்கு திடீரெனக் கூடியதை வைத்து, ஏழாம் எண் வீரருக்கு முழங்காலில் அடி என்று பேச்சுவாக்கில் சொன்னார். அதை நான் அண்ணியிடம் சொன்னேன்.

கணக்கெடுப்பில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று உறுதிமொழி கொடுத்தே நான் வேலையில் சேர்ந்தேன். அதை மீறிவிட்டேன். அவர் யார் என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் சொல்ல இயலாது. இந்தக் கடிதத்தின் நகலை என் நிறுவனத் தலைவருக்கு நானே அனுப்பியிருக்கிறேன். நீங்களும் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

என் அண்ணனுக்கு இதில் பங்கில்லை.

இப்படிக்கு,
பிசியோவின் தங்கை


மே 25

தங்கைக்கு,

நலம். மேலாளர் உன் கடிதத்தைக் காட்டினார். உன் தலைவரிடமும் பேசினாராம். ஒரு பெண் தன் வேலையைத் தானே போக்கிக்கொண்டு பொய் சொல்லமாட்டாள் என்றார். மன்னிப்பும் கேட்டார், சிரிக்காமல். நான் மேசைக்குத் திரும்பிவிட்டேன். ஏழு நேற்று ஊன்றுகோலோடு வந்து, மேசையில் படுத்து, காலை நீட்டினான். அடுத்த வாரம் அணியோடு நானும் கிளம்புகிறேன்.

சந்தோஷப்பட வேண்டியவன்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

மார்ச் மாதமே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் 'இன்னும் பாடுகிறானா' என்று கேட்டாயா? முகவரி கேட்டதும், பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்ல என்று கேட்டதும்? நான் வாயைத் திறக்கிறேனா என்று பார்த்தாயா? உன் தாளில் ஒரே கேள்வி இரண்டு தடவை வரும் என்று நீயே எழுதியிருந்தாய். நான் உன் டயர் கடைக்காரனா?

அந்த இரண்டு கடிதங்களையும் எழுத நான் எவ்வளவு பட்டேன் என்று உனக்குத் தெரியாது. அண்ணிக்குத் தாளை எடுத்து வைத்து, எடுத்து வைத்து, கிழித்துப் போட்டேன். நீ அங்கே உட்கார்ந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.

பெயர் சொல்லமாட்டேன் என்று எழுதியிருந்தாய். சொல்லத் தேவைப்படவில்லை. முழங்காலுக்கு ஐஸ் கட்டி கேட்டது ஒரே ஆளிடம்தான். கீழே பாலத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் பெரியவர். இத்தனை வருடமாக முகாமுக்கு அவர்தான். நிறுத்திவிட்டார்கள். வாசலில் வந்து நின்றார். கணக்கெடுப்பு என்றால் என்னவென்றே தெரியாது, ஒரு பொண்ணும் என் கடைக்கு வரல சாமி என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை உருவிக்கொண்டேன். அவர் வாயால்தானே நான் துண்டு மடித்தேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். அண்ணிக்கு இதனுடன் தனித்தாள் இருக்கிறது.

அண்ணன்


மே 31

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீ மேசைக்குத் திரும்பியது அறிந்து எல்லோருக்கும் நிம்மதி.

அம்மாவின் கண் கட்டைப் பிரித்து, இப்போது புதுக் கண்ணாடியும் கொடுத்துவிட்டார்கள். மேலாளர் ஐயா கவனத்துக்கு, இது கண்தான். எல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம். தெளிவாகத் தெரிந்ததும் முதலில் சொன்னது, "வீட்ல இவ்வளவு தூசியா?"

அண்ணி உன் தாளைப் படித்தார். படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். அன்று கட்டிங் மாஸ்டருக்கு வழக்கம்போல் திட்டு விழுந்தது. பதினாறு முடிந்தது. பள்ளிக்கூடத்தார் பாதி வேலையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மெஷின்கள் ஓடுகின்றன. மீதி ஏழாம் எண் ஜெர்சிகளைத் துடைக்கும் துணியாக வெட்டலாமா என்று மாஸ்டர் கேட்டார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தார், அதோடு சரி.

நம்பிக்கை எண் இந்த மாதம் கீழே இறங்கியிருக்கிறது. பத்திரிகையில்தான் பார்த்தேன். டயர் கடைக்காரர் இப்போது என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. என் இடத்தில் வேறு யாராவது போய்க் கேட்டிருப்பார்கள். பதினாறு முதல் ஆட்டத்தில் ஒரு கோல் போட்டால் எல்லோரும் மறுபடி 'நன்றாக' என்பார்கள். போட வேண்டும். நானும் விரும்புகிறேன், இதில் மட்டும் சந்தேகம் வேண்டாம்.

வெயிலில் அலைவது குறைந்திருக்கிறது. எனக்கு நிறம் திரும்பி வருகிறது என்கிறாள் அம்மா.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம். தெரிந்துதான் கேட்டேன்.

போகிற ஊரில் குளிரா வெயிலா என்று எழுது. விரல்களைப் பார்த்துக்கொள். ஏழு சீக்கிரம் நடக்கட்டும்.

உன் தங்கை


(கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டாள். சாப்பாட்டுக்குத் தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொன்னாள். பேருந்து நிலையத்துக்குப் போய், மலையடி ஊருக்குப் போகும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, பாலத்துக்கு ஒரு சீட்டு வாங்கினாள்.)